சோறு போடும் சத்தம்!

“சித்தப்பா!”

திரும்பவில்லை.

“சித்தப்பா!” சற்று உரக்கவே அழைத்தோம். திண்ணையில் அமர்ந்து, அறுந்துபோன வலைக்கண்ணைத் தைத்துக்கொண்டிருந்த அந்த உருவம் அசையவில்லை. அருகிலே சென்றோம், தோளைத் தொட்டோம். திடுக்கிட்டு நிமிர்ந்தார். முகத்திலே மலர்ச்சி, கண்ணிலே வெட்கம்!

“தம்பியா! வா, வா! நீ வந்தது தெரியவே இல்லை” என்றார்.

எதிர் வீட்டு வாயிலில் நின்ற சிறுவர் இருவர் சிரித்தனர். “செவிட்டு டிரைவர்” என்று ஒருவன் மற்றவன் காதிலே கிசுகிசுத்தான். கிசுகிசுக்க வேண்டிய தேவையே இல்லை. கூவியிருந்தாலும் அவருக்குக் கேட்டிராது. நமக்குக் கேட்டது. நெஞ்சிலே தைத்தது.

நாகைக் கடற்கரையிலே, நமக்குச் சிற்றப்பா முறையாகும் அந்தப் பெரியவர், விசைப்படகு ஓட்டியே 32 ஆண்டுகளைக் கழித்தவர். வாடைக் காற்று எழுமுன்பே அதன் வருகையை உணர்ந்தவர். விண்மீனைப் பார்த்துக் கரை திரும்பத் தெரிந்தவர். எத்தனையோ இளைஞருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர். இன்று அவருக்கு ஊர் வழங்கியிருக்கும் பட்டம், ‘செவிட்டு டிரைவர்’!

அவருக்குக் காது ஏன் கேட்கவில்லை? ஊரிலே பலரிடம் கேட்டுப் பார்த்தோம். “கடற்காற்று காதுக்குள்ளே புகுந்துவிட்டது” என்றார் ஒருவர். “வயது ஆகிறதல்லவா?” என்றார் மற்றொருவர். “தலையெழுத்து!” என்று ஒரே சொல்லிலே முடித்துவிட்டார் ஒரு மூதாட்டி. காற்றைக் குற்றஞ்சாட்டினர், வயதைக் குற்றஞ்சாட்டினர், விதியைக் குற்றஞ்சாட்டினர். கைக்கெட்டும் தொலைவிலே, நாள்தோறும், நாழிகைதோறும், அவர் காதருகே முழங்கிய இயந்திரத்தை மட்டும் எவரும் குற்றஞ்சாட்டவில்லை!

சிற்றப்பாவும் சாட்டவில்லை. “சத்தம் இருந்தால்தானே தம்பி, சோறு! இன்ஜின் ஊமையானால் அடுப்பும் ஊமையாகிவிடும்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நம்மால் சிரிக்க முடியவில்லை.

* * *

கடல் தொழில் ஒரு காலத்திலே காதால் செய்யப்பட்ட தொழில். சிற்றப்பா அடிக்கடி சொல்வார்: “உன் பாட்டனார் கட்டுமரத்திலே போவார். துடுப்பை நீருக்குள் நேராக இறக்குவார். கைப்பிடியிலே காதை வைப்பார். கீழே கத்தாழை மீன் கூட்டமாக நின்றால், தவளை கத்துவதுபோல ஓசை வரும். ‘இங்கேதான், வலையை இறக்கு’ என்பார்.” கதையல்ல இது. கத்தாழை இனத்து மீன்கள், தம் உடலிலுள்ள காற்றுப்பையைத் தசையால் அதிரச் செய்து ஓசை எழுப்புவதை அறிவியல் அறியும். நீரிலே ஒலி, காற்றிலே செல்வதைப்போல நான்கு மடங்குக்கும் மேலான விரைவிலே செல்லும். துடுப்பே பாட்டனாரின் கருவி. காதே அவருடைய கல்வி!

பிறகு இயந்திரம் வந்தது. 1952ஆம் ஆண்டு, ஐக்கிய நாடுகள் அவை, நார்வே, இந்தியா ஆகிய மூன்று தரப்பும் ஓர் உடன்பாடு செய்தன. மறு ஆண்டிலே, கொல்லத்தை அடுத்த நீண்டகரையிலே, மீன்பிடியை இயந்திரமயமாக்கும் திட்டம் தொடங்கியது. நம் கரையிலும் விசைப்படகுகள் பெருகின. 1980களிலே வல்லத்துக்கும் கட்டுமரத்துக்கும்கூட மோட்டார் வந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்துக் கட்டுமரங்கள் சிதறிய கரையிலே, கண்ணாடியிழைப் படகுகள் வரிசை வரிசையாக வந்து நின்றன. அந்தச் சிறு படகுகளில் பலவற்றிலே, நீண்ட தண்டின் முனையிலே விசிறி சுழல, மறுமுனையிலே டீசல் இயந்திரம் திறந்தபடியே இருக்கும். ஓட்டுபவர் அதனை ஒட்டியே நின்று ஓட்டுவார்.

இயந்திரத்தைப் பழிக்க நாம் இதை எழுதவில்லை. துடுப்பு வலித்துத் தோள் தேய்ந்தவனுக்கு அது ஓய்வு தந்தது. புயலுக்கு முன் கரை சேர வழி தந்தது. பழைய கட்டுமரத்துக்கே திரும்புவோம் என்று பாடுவோர், துடுப்புப் பிடித்தறியாதவர்! ஆனால், இயந்திரம் வேண்டும் என்பதற்காக அதன் கேட்டையும் வாய் மூடிப் பொறுத்துக்கொள் என்று கூறுவது மட்டும் முன்னேற்றமா? பொறியை வெறுப்பது அறியாமை. அதன் தீங்கை விதி என்று வணங்குவதும் அறியாமையே!

இந்த எண்ணம் நம் உள்ளத்திலே உறுதிப்பட ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று.

சிற்றப்பா கடைசியாக ஓட்டிய படகிலே, இழுவலையை ஏற்றும் நேரம். வின்ச் சுற்றுகிறது, கம்பிக்கயிறு ஏறுகிறது. ஓர் இளைஞனின் வலக்கை, கயிற்றுக்கும் உருளைக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டது. “நிறுத்து! நிறுத்து!” கூவினர் நால்வர். ஓட்டுநர் அறையிலே இருந்த சிற்றப்பாவின் காதிலே அது விழவில்லை. ஒருவன் ஓடிவந்து அவர் தோளை உலுக்கிய பிறகே இயந்திரம் நின்றது. சில நொடிகள்தான் இடைவெளி. அந்தச் சில நொடிகளிலே இளைஞனின் இரண்டு விரல்கள் போய்விட்டன.

கரையிலே கூடிப் பேசினர். “செவிடனை வைத்துப் படகு ஓட்டினால் இப்படித்தான் நடக்கும்” என்று தீர்ப்பளித்தனர். சிற்றப்பா ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் முதல் கடலுக்குப் போகவில்லை. திண்ணைக்கு வந்துவிட்டார்.

விரலிழந்தவன் ஒருவன், பழியேற்றவர் ஒருவர். இருவரையும் வருத்திய அந்த இரைச்சல் மட்டும், மறுநாளும் வழக்கம்போலக் கடலுக்குப் புறப்பட்டது!

* * *

தொழில்நல மருத்துவம் பயின்ற நண்பர் ஒருவரிடம் இதை எடுத்துரைத்தோம். அவர் அனுதாபச் சொற்களை அடுக்கவில்லை. “அளந்தீர்களா?” என்று கேட்டார்.

அளப்பதா? மீனை அளக்கிறோம், பனிக்கட்டியை அளக்கிறோம், டீசலைச் சொட்டுச் சொட்டாக அளக்கிறோம். காதிலே கொட்டும் இரைச்சலை அளக்கலாம் என்று எண்ணிப் பார்த்தவர் யார்?

அவரே கருவிகளோடு நாகைக்கு வந்தார். இரண்டு கருவிகள். ஒன்று, ஓரிடத்திலே நின்று அங்குள்ள இரைச்சலைச் சொல்லும் அளவி. மற்றொன்று டோசிமீட்டர், உழைப்பவனின் தோளிலே ஏறிக்கொண்டு, அவன் போகுமிடமெல்லாம் போய், நாள் முழுதும் அவன் காதுக்குச் சேர்ந்த இரைச்சலைக் கூட்டிக் கணக்கெழுதும் கருவி. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. கடையிலே கணக்குப்பிள்ளை எழுதும் பேரேடு போன்றதுதான். ஆனால் இது பொய்க்கணக்கு எழுதாது!

படகு உரிமையாளர் முதலிலே முகம் சுளித்தார். “வழக்குப் போடப் போகிறீர்களா?” என்றார். படகு ஆட்களுக்கோ வேறு ஐயம். “அண்ணே, நாங்கள் பேசுவதையெல்லாம் இது பிடித்து வைத்துக்கொள்ளுமா?” என்று கேட்டான் ஓர் இளைஞன். நியாயமான கேள்வி. இந்தக் கருவி பேச்சைச் சேர்த்து வைப்பதில்லை, ஒலியின் அளவை மட்டுமே குறித்துக்கொள்கிறது என்று நண்பர் விளக்கினார். உழைப்பவனின் தோளிலே ஒரு கருவியை ஏற்றுவதற்கு முன், அது எதற்கு என்று அவனுக்குச் சொல்வது கடமையல்லவா? யாரை அளக்கிறோமோ அவருக்கே அந்தக் கணக்கு முதலில் உரியது என்று வாக்களித்த பிறகுதான் அவர்கள் இசைந்தனர்.

நள்ளிரவு தாண்டிப் படகு புறப்பட்டது. ஓட்டுநரோடு எட்டுப் பேர். கூட நாமும் நண்பரும். புறப்படுமுன் நண்பர் ஒரு சிறு குழலை அளவியின் முனையிலே பொருத்தினார். அந்தக் குழல் 94 டெசிபல் ஒலியைப் பிசகாமல் எழுப்பும். அளவியும் 94 என்றே காட்ட வேண்டும். பயணம் முடிந்ததும் மீண்டும் அதே சோதனை. தராசை நம்புமுன் படிக்கல்லைச் சரிபார்க்கும் முறை இது. பிறகு, டோசிமீட்டரின் ஒலிவாங்கியை ஓட்டுநரின் தோள்மேல், காதுக்கு அருகே பொருத்தினார். காற்று நேரே மோதினால் அதுவும் இரைச்சலாகப் பதிவாகிவிடும். ஆகவே பஞ்சுறை ஒன்றை அதன்மேல் மாட்டினார்.

“கருவி எண்ணைச் சொல்லும், எதனால் அந்த எண் என்று சொல்லாது. எந்த நேரத்திலே யார் எங்கிருந்தார், என்ன செய்தார் என்று ஒருவர் குறிப்பெழுத வேண்டும்” என்றார் நண்பர்.

“நான் எழுதுகிறேன்” என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தோம். அவன்தான், இரண்டு விரல்களை இழந்த இளைஞன்! வின்ச் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லிச் சமையல் வேலை பார்த்துக்கொண்டு அதே படகில் இருந்தான். நோட்டை மடியிலே வைத்துக்கொண்டு, இடக்கையால் எழுதத் தொடங்கினான்.

* * *

டெசிபல் என்றால் என்ன? கூட்டல் கணக்குப்போலத் தோன்றும். ஆனால் பெருக்கல் கணக்கு. 90 டெசிபல் எழுப்பும் இயந்திரம் ஒன்று. அதன் பக்கத்திலே அதேபோல் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் 180 அன்று, 93 மட்டுமே! மூன்று கூடினாலே ஒலியின் ஆற்றல் இருமடங்கு. பத்துக் கூடினால் பத்து மடங்கு. ‘85க்கும் 95க்கும் பத்துத்தானே வேறுபாடு’ என்று எண்ணுபவன், ஒரு மூட்டைக்கும் பத்து மூட்டைக்கும் வேறுபாடு அறியாதவன் ஆவான்.

மனிதக் காது எவ்வளவு சுமை தாங்கும்? அமெரிக்க நாட்டின் தொழில் பாதுகாப்பு, நலவாழ்வு ஆய்வு நிறுவனம் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரை இதற்கு ஓர் அளவு தருகிறது. 85 டெசிபல் என்றால் நாளொன்றுக்கு 8 மணி நேரம். அதற்குமேல், மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி. 91க்கு 2 மணி. 94க்கு ஒரு மணி. 97க்கு அரை மணி. 100க்கு வெறும் 15 நிமிடம்!

இந்தக் கணக்கை மனத்திலே வைத்துக்கொண்டு படகைச் சுற்றி வந்தோம். இயந்திர அறையின் மூடியைத் திறந்ததும், அளவி 100ஐத் தாண்டிவிட்டது. ஓட்டுநர் அந்த அறைக்குள்ளே எத்தனை முறை இறங்குகிறார்? எண்ணெய் பார்க்க, பட்டை இறுக்க, தேங்கிய நீரை வெளியேற்ற. ஐந்தைந்து நிமிடமாக ஆறு முறை இறங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். அரை மணி ஆயிற்று. இரைச்சல் சரியாக 100 என்றாலும், இரண்டு நாள் பங்கு அந்த அரை மணியிலேயே தீர்ந்துவிட்டது. மீதி இருபத்து மூன்றரை மணி நேரம்? அது முழுதும் கடன்! காது அந்தக் கடனைக் கட்டுகிறது.

ஆலையிலே உழைப்பவர் சங்கு ஊதியதும் வீடு திரும்புகிறார். காதுக்கு ஓய்வு கிடைக்கிறது. கடலிலே உழைப்பவர் எங்கே திரும்புவார்? இரவிலே ஓட்டுநரின் படுக்கையைக் காட்டினார்கள். இயந்திர அறைக்கு நேர் மேலே இருந்த பலகைதான் அது! நாமும் அங்கே படுத்துப் பார்த்தோம். பலகை அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, எண்ணமும் அதிர்ந்தது. அளவியைத் தலைமாட்டிலே வைத்தோம். இயந்திரம் ஓடிய நேரமெல்லாம் அது 80க்குக் கீழே இறங்கவே இல்லை.

“80 தானே? 85க்குள் இருக்கிறதே!” என்றோம் நண்பரிடம்.

“எட்டு மணி நேரத்துக்கு 85. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு?” என்று திருப்பிக் கேட்டார் அவர்.

கணக்குப் போட்டோம். நேரம் மூன்று மடங்கானால், தாங்கும் அளவு ஏறத்தாழ ஐந்து டெசிபல் குறைய வேண்டும். அதாவது 80! நாள் முழுதும் ஒரு வேலையும் செய்யாமல் அந்தப் பலகையிலே படுத்துக் கிடந்தாலே, ஒரு மனிதனின் முழுப் பங்கும் தீர்ந்துபோகும். அதன்மேல்தான் வலையிழுப்பு, அதன்மேல்தான் வின்ச், அதன்மேல்தான் இயந்திர அறை! நான்கு நாள் பயணத்திலே, ஒரு முழு நாளின் கணக்கை டோசிமீட்டரிலே பார்த்தோம். நூறு என்று இருக்க வேண்டிய பங்கு, பன்மடங்காக நின்றது. அருகிலே அந்த இளைஞனின் குறிப்பேடு. எந்த மணிக்கு எதனால் ஏறியது என்பதை அது வரிவரியாகச் சொன்னது.

விதி என்றார்களே, அந்த விதிக்கு ஓர் எண் இருந்தது! முகவரியும் இருந்தது! மூடி சரியாகப் பொருந்தாத ஓர் இயந்திர அறை. வெடிப்பு விழுந்த புகைக்குழாய். இடம் மாறிப் போடப்பட்ட ஒரு படுக்கைப் பலகை. இவையே அதன் முகவரி.

* * *

இது புதிதாகக் கண்ட உண்மையும் அன்று. 1886ஆம் ஆண்டு, கிளாஸ்கோ நகரிலே, தாமஸ் பார் என்னும் காது மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரை ஆராய்ந்தார். இன்றைய கருவிகள் அன்று ஏது? தம் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்தார். அதன் ‘டிக் டிக்’ ஓசை எவ்வளவு தொலைவு வரை கேட்கிறது என்று பார்த்தார். நூறு பேரிலே, இயல்பான செவித்திறன் உடையவர் ஒருவர்கூட இல்லை! கடிதம் கொண்டு செல்லும் அஞ்சல்காரரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களிடையே அந்த நிலை இல்லை. தலையெழுத்து, கொதிகலன் செய்வோரை மட்டும் தேடிப்பிடித்து எழுதப்பட்டதா என்ன?

உட்காதிலே, நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு. அதனுள்ளே, ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள். ஒலியை உணர்ந்து மூளைக்குச் சொல்லும் தூதுவர் அவையே. பேரிரைச்சலிலே அவை களைக்கும். ஓய்வு கிடைத்தால் ஓரளவு தேறும். ஓய்வே இல்லையென்றால் மடியும். மடிந்தவை மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதலிலே, நொடிக்கு 4000 அதிர்வுகளை ஒட்டிய உயர்ந்த ஒலிகளே மறைகின்றன. ஆகவே, தொடக்கத்திலே எவரும் அதை உணர்வதில்லை. ஆள் பேசுவது கேட்கும், சொல் விளங்காது. மெய்யெழுத்துகள் மங்கிப்போகும், உயிரெழுத்தின் ஓசை மட்டும் எஞ்சும். “எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள்” என்று சிற்றப்பா பல ஆண்டுகளாகக் குறைப்பட்டுக்கொண்டாரே, அதன் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கியது. பேரப்பிள்ளையின் மழலை அவருக்கு ஏன் எட்டவில்லை என்பதும் விளங்கியது.

சட்டம் என்ன செய்தது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலிலே, இரைச்சலால் விளையும் செவிட்டுத்தன்மையைப் பின்னர்ச் சேர்த்துக்கொண்டது. நல்லதே. ஆனால் மதிலும் கூரையும் உள்ள ஆலையை மனத்திலே வைத்து எழுந்த சட்டம் அது. அலைமேல் ஆடும் ஆலையை அது எண்ணவில்லை. கடலுக்கென்று ஒரு விதி இல்லையா? உண்டு. உலகக் கடல்சார் அமைப்பு, கப்பல்களிலே இரைச்சலுக்கு எல்லை வகுத்தது. 2014 ஜூலை முதல் நாளிலிருந்து அதைக் கட்டாயமும் ஆக்கியது. 24 மணி நேரச் சராசரி 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பதும் அதிலே உண்டு. நாம் படகிலே போட்ட அதே கணக்கு! ஆனால் அந்த விதி, 1,600 டன் அளவும் அதற்கு மேலும் உள்ள புதிய கப்பல்களுக்கு. மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகவே விலக்கிவிட்டது.

உலகத் தொழிலாளர் அமைப்பு, மீன்பிடித் தொழிலுக்கென்றே 2007இல் ஓர் உடன்படிக்கை இயற்றியது. 2017இல் அது நடைமுறைக்கு வந்தது. தங்குமிடங்களிலே இரைச்சலையும் அதிர்வையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று அது கூறுகிறது. 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களுக்கு அளவுகோலே வகுக்க வேண்டும் என்கிறது. நம் கரையிலே நிற்கும் படகுகளிலே பெரும்பாலானவை அந்த நீளத்தை எட்டாதவை!

ஆலைச் சட்டம் கரையிலே நின்றுவிட்டது. கப்பல் சட்டம் பெருங்கப்பலோடு போய்விட்டது. இடையிலே, சின்னஞ்சிறு படகிலே, நம் உடன்பிறந்தார். காது மட்டும் எல்லார்க்கும் ஒரே அளவுதானே! பெருங்கப்பலின் மாலுமிக்கு இரும்புக் காதும் இல்லை. மீனவனுக்கு மரக்காதும் இல்லை.

* * *

கரை திரும்பியதும், வாக்களித்தபடியே, கணக்கை முதலிலே படகு ஆட்களிடம் வைத்தோம். உரிமையாளரும் வந்திருந்தார். “சத்தமில்லாத இன்ஜின் உலகத்திலே உண்டா?” என்று கேட்டார்.

“இல்லை. ஆனால் சத்தத்துக்கு வேலி உண்டு” என்றார் நண்பர்.

அவர் சொன்னவை எவையும் வானத்து நட்சத்திரங்கள் அல்ல. வெடித்த புகைக்குழாயை அடைத்து, சைலன்சரைச் செப்பனிடுவது. இயந்திர அறையின் மூடிக்கு ரப்பர் விளிம்பு வைத்து இடைவெளி இல்லாமல் மூடுவது. இயந்திரம் அமரும் இடத்திலே அதிர்வு தாங்கும் ரப்பர்க் கட்டைகள். படுக்கையை இயந்திரத்தின் தலையிலிருந்து அணியத்துப் பக்கம் மாற்றுவது. இயந்திர அறைக்குள் இறங்கும்போது காதுக்கு மூடி. வின்ச் அருகிலே, குரலை நம்பாமல், ஓட்டுநர் கண்ணிலே படும்படி ஒரு சிவப்பு விளக்கு. அதற்கு ஒரு பொத்தான்.

“எல்லாருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாதா?” என்றார் உரிமையாளர். போதாது. கடலிலே காது, எச்சரிக்கை கேட்கும் உறுப்பு. உழைப்பவனின் காதை அடைப்பது கடைசி வழி. இயந்திரத்தின் வாயை அடைப்பதே முதல் வழி!

உரிமையாளர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அந்த இளைஞனின் கையைப் பார்த்தார். “விளக்கை முதலில் போட்டுவிடுவோம்” என்றார். புகைக்குழாயும் மூடியும் செப்பனிடப்பட்டன. படுக்கை இடம் மாறியது. அடுத்த பயணத்திலே மீண்டும் அளந்தோம். ஓட்டுநர் அறையிலே ஐந்து டெசிபல் குறைந்திருந்தது. “இவ்வளவு பாடுபட்டு ஐந்துதானா?” என்றான் ஒருவன். குறிப்பெழுதிய இளைஞன் அவனுக்குக் கணக்குச் சொன்னான்: “மூன்று குறைந்தால் பாதி. ஐந்து குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு. முன்பு மூன்று மூட்டை சுமந்தாய், இப்போது ஒன்று!” ஆசிரியர் எவரும் அதைவிடத் தெளிவாக விளக்கியிருக்க முடியாது.

கிழக்குக் கரையிலே, ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் பெருகுவதற்கான ஓய்வு அது. காதைச் சோதிப்பதற்கும் அதுவே ஏற்ற காலம் என்றார் நண்பர். இரைச்சலால் ஏற்பட்ட தற்காலிகக் களைப்பு நீங்கி, நிலையான இழப்பு எவ்வளவு என்பது தெளிவாகத் தெரியும். படகு ஆட்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சிற்றப்பாவும் வந்தார்.

சோதனை முடிந்தது. மருத்துவர் வரைபடத்தைக் காட்டினார். தாழ்ந்த ஒலிகளிலே ஓரளவு சமமாக வந்த கோடு, உயர்ந்த ஒலிகளை நெருங்கியதும், 4000 என்ற இடத்திலே கிணறுபோல இறங்கியது. இரைச்சலிலே உழைத்த காதின் கையெழுத்து அது என்றார். இழந்தது திரும்பாது, ஆயினும் காதொலிக் கருவி துணை செய்யும் என்றும் கூறினார்.

சிற்றப்பா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம் பக்கம் திரும்பினார்.

“அப்படியானால், தம்பி... அன்றைக்கு அந்தப் பையன் கூவியது கேட்காமல் போனதற்கு, என் கவனக்குறைவு காரணம் இல்லையா?”

எத்தனை ஆண்டுகளாக அந்தக் கேள்வி அவர் நெஞ்சிலே கிடந்ததோ! வாயால் சொன்னால் அவருக்குக் கேட்குமோ கேட்காதோ என்று அஞ்சினோம். ஒரு தாளிலே பெரிதாக எழுதிக் காட்டினோம்: ‘இல்லை.’

படித்தார். மீண்டும் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டார்.

அளப்பதால் என்ன பயன் என்று கேட்போர் உளர். செவிப்புலன் திரும்பாது, விரலும் திரும்பாது, உண்மைதான். ஆனால் அளக்கப்படாத துன்பம் விதியாகிவிடுகிறது. துன்புற்றவனே குற்றவாளி ஆகிவிடுகிறான். அளந்துவிட்டாலோ, துன்பத்துக்குக் காரணம் தெரிகிறது; காரணம் தெரிந்தால் கடமை யாருடையது என்பதும் தெரிகிறது.

ஆகவே நாம் கேட்பது அதிகமன்று. ஆண்டுதோறும் தடைக்காலத்திலே படகைச் சோதித்துப் பார்க்கிறோம். பலகையைத் தட்டிப் பார்க்கிறோம். இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கிறோம். அதே நாள்களிலே, அந்தப் படகின் இரைச்சலையும் அளக்கட்டும்; அதிலே உழைப்போரின் காதையும் சோதிக்கட்டும். படகுக்கு ஒரு சான்றிதழ் தருகிறவர்கள், படகை ஓட்டுகிறவனின் காதுக்கும் ஒரு பதிவேடு வைக்கட்டும்.

சத்தம் சோறு போடுகிறது என்றார் சிற்றப்பா. அன்று, சோறு போட்டது அவருடைய உழைப்பு! சத்தம் அந்தச் சோற்றுக்கு விலை வாங்கிக்கொண்டது. அந்த விலையை இனியும் கொடுக்க வேண்டியதில்லை என்பதை, இரண்டு விரல் இழந்தவன் எழுதிய குறிப்பேடு மெய்ப்பித்திருக்கிறது.